துண்டுக்குள் ராஜாவின் கை

முன்னொரு காலத்தில், ஒரு ராஜ்யத்தில், கடவுளின் வாக்குக்கு விலை ஒரு மூட்டை வெல்லம்.

விலையைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். சந்தை இரைச்சலில் வளர்ந்தவன் கதை சொன்னால் விலைதான் முதலில் வாயில் வரும். வாக்கு என்னவோ இலவசம்தான். அதை ஏட்டில் எழுதி, பட்டில் சுற்றி, கோயிலில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அர்த்தத்துக்குத்தான் வெல்லம். ராஜகுரு திரிலோசன பண்டிதரிடம் ஒரு மூட்டை கொண்டுபோய் இறக்கினால் அர்த்தம் சொல்வார். அது பிடிக்கவில்லையென்றால் இன்னொரு மூட்டை. அதே வரியிலிருந்து வேறு அர்த்தம் எடுத்துக் கொடுப்பார். அச்சுவெல்லமாக இருந்தால் உவமையும் சேரும். "இதெல்லாம் எனக்கா? சுவாமி நைவேத்தியத்துக்கு" என்பார். அவர் வீட்டு எறும்புகளைப்போல் கொழுத்த எறும்புகள் அந்த ராஜ்யத்தில் வேறெங்கும் இல்லை.

அதே ராஜ்யத்தின் அரண்மனையில் மயிலேறி என்றொரு விகடன் இருந்தான். மாட்டுத் தரகரின் மகன். அவன் சபைக்கு வந்ததே ஒரு மோசடியால்தான். அரண்மனைக்கு ஒரு நொண்டிக் காளையை விற்றுப் பிடிபட்டு, ராஜா முன் நிறுத்தப்பட்டபோது, "மகாராஜா, காளைக்கு நொண்டல் இல்லை. தங்கள் முன்னால் நடக்கிறோமே என்று அடிக்கடி குனிந்து கும்பிடுகிறது" என்றான். ராஜா சிரித்துவிட்டார். சிரிக்காமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், அவனும்தான்.

மயிலேறிக்குப் பெரிய படிப்பில்லை. பெருமை மட்டும் ஏராளம். எல்லாம் ஒரு துண்டின்மேல் கட்டிய பெருமை. மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுப் பேசும் வழக்கமில்லை. வாங்குபவர் கையும் விற்பவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்துத்தான் பேரம். ஒரு விரல் என்றால் நூறு, இரண்டென்றால் இருநூறு. சுற்றி நூறு பேர் நின்றாலும் துண்டுக்குள் நடப்பது இருவருக்கு மட்டுமே தெரியும். அதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒருவர் பிடித்த பிடியை மற்றவர் அப்படியே திருப்பிப் பிடிக்க வேண்டும். 'இதைத்தானே சொன்னீர்?' என்று கேட்பது அது. திருப்பிப் பிடிக்காமல் கையை உருவிக்கொண்டு விலையைக் கூவினால் அந்த வியாபாரம் செல்லாது. கூவியவன் அன்று முழுக்கச் சந்தையின் சிரிப்புக்கு ஆளாவான். "துண்டுக்குள் எவன் கை வந்தாலும் அவன் மனசை வாசித்துவிடுவேன்" என்று மயிலேறி சொல்லித் திரிவான். தன் மனைவி பேச்சாயியின் மனசை மட்டும் அவன் வாசித்ததாகத் தகவல் இல்லை.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் ஊருணி பாதியாக வற்றியது. ஊரே அதைத்தான் குடித்தது. அது கோயிலுக்குச் சொந்தம். கோயில் கட்டிய அடியாரின் கனவில் இறைவன் வந்து சொன்னதாக ஏட்டில் ஒரு வரி இருந்தது: 'வடகரையில் நிற்பவர்க்கு என் நீர்.' பல தலைமுறையாக அந்த வரி யாரையும் தொந்தரவு செய்ததில்லை. தென்கரையில் மழைத்தண்ணீர் வந்து விழும் வரத்துக்காலின் சேறு, கால் வைத்தால் வழுக்கும், வடகரையில் படித்துறை. ஆகவே எல்லாத் தெருக்காரர்களும் வடகரையில் நின்று மொண்டுகொண்டு போனார்கள். தண்ணீர் நிறைந்திருக்கும்வரை வேதத்தில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

வற்றியதும் வந்தது. வடக்குத் தெருப் பெரிய மனிதர்கள் ராஜகுருவின் வாசலில் ஐந்து மூட்டை வெல்லம் இறக்கினார்கள். அச்சுவெல்லம். மறுநாளே புது அர்த்தம் பிறந்தது: வடகரையில் நிற்பவர் என்றால், வடகரையில் வீடுகட்டி நிலைத்து நிற்பவர். தென்தெருக்காரர்கள் ஊருணியைத் தொட்டால் தெய்வக் குற்றம்.

தென்தெருவில் இருந்தவர்கள் பானை வனைகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், மாட்டுத் தரகர்கள். அவர்கள் ஊருணியை விட்டால் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி இறைத்துவர வேண்டும்; போய்வர அரைநாள். மயிலேறியின் வீடும் அங்கேதான். ஏழைகளின் தாகத்தைக் கண்டு அவன் நெஞ்சு கொதித்தது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். உண்மை வேறு. ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் சுமக்கும் வேலையைப் பேச்சாயி அவன் தலையில் வைத்திருந்தாள். நெஞ்சு பிறகுதான் கொதித்தது. முதலில் கொதித்தது உள்ளங்கால்.

வழக்கு சபைக்கு வந்தது. ராஜா இரு பக்கத்தையும் கேட்டார். கேட்டுவிட்டு மீசையைத் தடவினார். மீசையைத் தடவினால் அவருக்கு விபரீதமான யோசனை வரும் என்பது சபைக்குத் தெரியும்.

"குருவே, ஒரு சந்தேகம். வாக்கைக் கொடுத்தவர் இறைவன். பக்தர்கள் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளும்படி பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்புத்தானே? பார்த்துக்கொள்கிறாரா, இல்லையா?"

"பார்த்துக்கொள்கிறார் மகாராஜா. அதற்காகத்தானே என்னைப் படைத்திருக்கிறார்!" என்றார் ராஜகுரு. "ஏழு தலைமுறையாக எங்கள் குலத்தின் நாவில் அவரே அமர்ந்து பொருள் உரைக்கிறார். நான் பிழையாக உரைத்தால் அக்கணமே என் நா எழாமல் போகும். இதோ, எழுகிறது பாருங்கள்!"

சபை நாவைப் பார்த்துத் தலையாட்டியது. மயிலேறி சிரிப்பை அடக்கப் பார்த்தான். அது தும்மலாக வெளியே வந்தது.

ராஜகுரு காத்திருந்ததே இதற்குத்தான். தாம் நீதி சொல்லும்போதெல்லாம் ராஜா கொட்டாவி விடுவதும், இந்தத் தரகன் வாயைத் திறந்தால் நிமிர்ந்து உட்காருவதும் அவருக்கு நெடுநாள் நெஞ்செரிச்சல்.

"விகடனாருக்கு இறைவனின் காவலில் ஐயம் போலும். அவரே சொல்லட்டும், மகாராஜா. இறைவன் தம் வாக்கின் பொருளைக் காக்கிறாரா, இல்லையா?"

மயிலேறி கணக்குப் போட்டுப் பார்த்தான். காக்கிறார் என்றால் குருவின் அர்த்தத்தை ஒப்புக்கொண்டதாகும், ஊருணி போய்விடும். இல்லை என்றால் தெய்வ நிந்தை, நாக்கு போய்விடும். இரண்டு பக்கமும் முட்டுகிற மாட்டை அவன் சந்தையில் விற்றிருக்கிறான். வாங்கியதில்லை.

"இப்போதே வேண்டாம்" என்றார் ராஜா. இந்த விளையாட்டு அவருக்குப் பிடித்துவிட்டது. "நாளை இதே வேளைக்குச் சொல். ஆனால் வாய்ப்பந்தல் போடாதே. ஏடு, சுலோகம், உவமை எதுவும் எனக்கு வேண்டாம். விடை என் கையில் இருக்க வேண்டும்."

"இல்லாவிட்டால், மகாராஜா," என்று குரு இனிமையாகச் சேர்த்துக்கொண்டார், "படித்துறைக்குக் கதவு போட உத்தரவாகட்டும். பூட்டைத் தென்தெருக்காரரான விகடனாரே தம் கையால் பூட்டட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

தென்தெருவில் குடியிருந்துகொண்டு தென்தெருவின் தண்ணீரைத் தன் கையால் பூட்டுவது! அதற்கு நாக்கையே கொடுத்துவிடலாமா என்று மயிலேறி யோசித்தான். நாக்குப் போனால் பிழைப்புப் போகும். பூட்டினால் பேச்சாயி இருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். அடுப்படியில் பெரிய பானை நிறையச் சோறு. பக்கத்தில் வெட்டி வைத்த ஐந்து வாழையிலை.

"அடியே, இதென்ன? யாருக்குக் கல்யாணம்?"

"வந்துட்டாரய்யா!" என்றாள் பேச்சாயி. "எங்க அந்த அஞ்சு பேரு? திண்டாடித் திணறி ஆக்கி வச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"எந்த அஞ்சு பேரு?"

"காலையில தெருமுக்குல நின்னு கையக் காட்டினீங்களே! அஞ்சு விரலையும் விரிச்சு! விருந்தாளி அஞ்சு பேரு வாராங்கன்னு நெனச்சேன். அரண்மனையிலிருந்து யாராச்சும் வாராகளோ என்னவோன்னு, நீங்க ஊத்துல சுமந்த தண்ணியில பாதிய உலையில ஊத்திட்டேன்."

"அடிப் பாவி! ஆக்காதேன்னு சொன்னேன். அரண்மனையில சாப்பிட்டுக்குறேன், ஒண்ணும் வேணாம்னு கைய ஆட்டினேன்."

"அப்ப ஆட்டியிருக்கணும். நீங்க விரிச்சுல்ல காட்டினீங்க?"

"புரியலேன்னா கேக்கவேண்டியதுதானே?"

"கேக்குறாப்புல நின்னீங்களா? கையக் காட்டிட்டு அரண்மனைய தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு ஓடுனீங்க. பின்னாலேயே கத்தினேன். காதுல விழுந்தாத்தானே?" அவள் ஒரு இலையை எடுத்து அவன் முன்னால் போட்டாள். "உக்காருங்க. அஞ்சு பேரு சோத்தையும் நீங்கதான் தின்னணும். இந்த வீட்டுல தண்ணிய வீணாக்க விடமாட்டேன்."

மயிலேறி உட்கார்ந்தான். தின்னத் தின்ன யோசித்தான். கையைக் காட்டியதோடு தன் வேலை முடிந்தது என்று ஓடியவன் அவன். இறைவனும் அவனைப்போலத்தானா? கனவில் ஒரு வரி சொல்லிவிட்டுத் தெருமுக்கைத் தாண்டிவிட்டாரா? சீ, அப்படி இருக்காது. அவர் தரகர் மகன் இல்லை. அவர் ஓடியிருக்க மாட்டார். அப்படியானால் அவர் கை எங்கே இருக்கிறது?

மூன்றாவது ஆள் சோறு முடியும்போது அவனுக்கு ஒரு வழி தோன்றியது. நான்காவது ஆள் சோற்றோடு நிறுத்திக்கொண்டு பேச்சாயியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் மயிலேறி தோளில் அப்பாவின் பழைய சந்தைத் துண்டோடு சபைக்கு வந்தான். ராஜா முன் வணங்கி, "மகாராஜா, விடை தங்கள் கையில் இருக்க வேண்டும் என்றீர்கள். கையைக் கொடுங்கள்" என்றான்.

ராஜா சிரித்தபடி கையை நீட்டினார். மயிலேறி அதன்மேல் துண்டைப் போட்டு மூடினான்.

"விடை இதற்குள் இருக்கிறது. குரு பெருமானுக்கு இறைவன் வாய்திறந்து சொல்லாததும் புரிகிறது. நம் மகாராஜா எதிரிலேயே இருக்கிறார். அவர் வாய்திறக்காமல் சொல்வது புரியாமலா போகும்? மகாராஜா, இந்தக் கணத்தில் உங்களுக்கு உண்மையாகவே என்ன வேண்டுமோ, அந்த ஒன்றை மட்டும் கையால் சொல்லுங்கள். யார் கை உள்ளே வந்தாலும் அதே ஒன்று. வாயால் மட்டும் பேசக் கூடாது. எத்தனை பேர் என்ன உளறினாலும் சரி."

அவன் போட்ட திட்டம் இதுதான். சபையில் வாய்நீளமான மூன்று பேரை முதலில் விட வேண்டும். மூவரும் தப்பாகச் சொல்வார்கள். நான்காவதாக அவன் போவான். சந்தை வழக்கப்படி திருப்பிப் பிடித்துக் கேட்டு, சரியாகச் சொல்லி, சபையை வாய்பிளக்க வைப்பான். பிறகு, 'கேட்டால்தான் புரியும், குருவே' என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான். எந்த இடத்தில் நிறுத்திப் புருவத்தைத் தூக்குவது என்பதுகூட முடிவாகியிருந்தது.

முதலில் ராஜகுரு. மறுக்கவும் முடியாது, இறைவன் மனம் தெரிந்தவருக்கு ராஜாவின் மனம் தெரியாது என்றால் நன்றாகவா இருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு கையைத் துண்டுக்குள் விட்டார். ராஜாவின் கை அவர் நான்கு விரல்களையும் பிடித்து உள்ளங்கையோடு மடக்கியது. குரு முகம் மலர்ந்து கையை உருவிக்கொண்டார்.

"நான்கு! வேதங்கள் நான்கு, திசைகள் நான்கு. என் மடத்துக்கு நான்கு கிராமங்களை மானியமாக மகாராஜா திருவுளம் பற்றிவிட்டார்! அடியேன் கேட்கவே இல்லை."

அடுத்து தளபதி இரணசிங்கன். துண்டுக்குள் கைபோனதும் ராஜாவின் கை அதையும் நான்கு விரல் மடக்கிப் பிடித்தது. முன்னைவிடச் சற்று அழுத்தமாக. தளபதி கையை வெளியே இழுத்து அப்படியே தலைக்குமேல் தூக்கினான்.

"முஷ்டி! போர்! வடநாட்டின்மேல் படையெடுக்க உத்தரவு! நாளைக்கே புறப்படுகிறேன் மகாராஜா!"

வடநாட்டோடு அப்போது எந்தப் பகையும் இல்லை. வடநாட்டு ராஜா போன மாதம்தான் மாம்பழம் அனுப்பியிருந்தார்.

மூன்றாவது பொக்கிஷதார் அனந்தநாதர். ராஜாவின் கை அவர் விரல்களையும் மடக்கியது. இப்போது கொஞ்சம் கோபமாகவே. அனந்தநாதருக்குக் கண் கலங்கிவிட்டது. "விரலை மடக்கி மூடிக் கொடுத்தார். கஜானாச் சாவியை இனி என் கையைவிட்டுப் பிரிக்கக் கூடாது என்கிறார். கணக்குக் கேட்கவும் கூடாதாம். இத்தனை நம்பிக்கைக்கு நான் தகுதியா!"

சபையில் மற்றவர்களும் வரிசை கட்டத் தொடங்கினார்கள். மயிலேறி அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். துண்டைச் சரிசெய்தான். கையை உள்ளே விட்டான்.

ராஜாவின் கை அவன் நான்கு விரல்களையும் பிடித்து மடக்கியது. கட்டைவிரலை மட்டும் வெளியே விட்டது. அந்தக் கை வியர்த்திருந்தது.

இந்த இடத்தில்தான் அவன் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தான். ஆனால் விரல் நான்கும் பிடிபட்டதும் அப்பாவின் ரத்தம் தலைக்கேறியது. நான்கு விரல் என்றால் நானூறு. கட்டைவிரலை வெளியே விட்டால் சந்தையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மேலே ஒரு கன்றுக்குட்டி இனாம்! ஊருணி, தென்தெரு, வழியெல்லாம் பழகிய வார்த்தை, புருவம் எல்லாம் பறந்துபோயின. கையை உருவிக்கொண்டு சபை அதிரக் கூவினான்:

"நானூறு பொன்! ஒரு கன்று! முடிந்தது வியாபாரம்!"

கூவிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்கே உறைத்தது.

ராஜா மெல்லத் துண்டை விலக்கினார். தம் கையைத் தூக்கிக் காட்டினார். நான்கு விரலும் மடங்கியிருந்தன, கட்டைவிரல் நீட்டியிருந்தது. அந்தக் கட்டைவிரலை வாய்க்கு நேரே கொண்டுபோய்க் கவிழ்த்தார். பால்குடி மறந்த குழந்தைகூட அம்மாவிடம் அப்படித்தான் கேட்கும்.

"தண்ணீர்" என்றார் ராஜா. "காலையிலிருந்து இந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு குவளைத் தண்ணீர் கேட்டேன். நான்கு பேரிடம் கேட்டேன். ஒருவருக்கு நான்கு கிராமம் போயிற்று. ஒரு யுத்தம் மூண்டுவிட்டது. கஜானாச் சாவி போயிற்று. நானூறு பொன்னும் ஒரு கன்றும் போயின. தண்ணீர் வரவில்லை!"

ராஜகுரு சற்றும் கலங்கவில்லை. கைகூப்பி நின்றார்.

"மகாராஜா பொறுத்தருள வேண்டும். தண்ணீர் என்பது மேலோட்டமான பொருள். சொன்னவருக்கே தம் சொல்லின் ஆழம் தெரியாமல் போவதுண்டு. தங்கள் வாய் தண்ணீர் என்கிறது. தங்கள் கையின் உட்பொருள் நான்கு கிராமங்களே."

ராஜா அவரைப் பார்த்தார். மீசை துடித்தது. அடுத்த கணம் சிம்மாசனத்தில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"தண்ணீர்!" என்று மூச்சுவிட முடியாமல் கத்தினார். "இன்னும் எவனும் கொண்டுவரவில்லையே! இதற்கும் உட்பொருள் தேடுகிறீர்களா?"

நான்கு திசையிலிருந்தும் குவளைகள் ஓடிவந்தன. ராஜா குடித்து முடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். ராஜகுரு அதற்குள் தம்மைச் சுதாரித்துக்கொண்டுவிட்டார்.

"நாங்கள் தவறியிருக்கலாம், மகாராஜா. ஆனால் விகடனாரும்தான் தவறினார். கைபிடித்துப் பார்ப்பது தம் குலத்தொழில் என்பவர்! பந்தயத்தில் அவர் தோற்றார். பூட்டைக் கொண்டுவரச் சொல்லலாமா?"

ராஜா மயிலேறியைப் பார்த்தார். "அவர் சொல்வது சரிதானே? நீயும் தோற்றாய்."

வழியில் பழகிய வார்த்தையைச் சொல்லும் யோக்கியதை இப்போது மயிலேறிக்கில்லை. புருவத்தைத் தூக்கவும் தெம்பில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"தோற்றேன் மகாராஜா. மற்ற மூவரைவிட மோசமாகவே தோற்றேன். அவர்களுக்கு இந்தப் பாஷை தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் வேகமாகத் தவறினேன். தாகத்துக்காக வழக்காட வந்தவன் நான். தாகம் என் விரலையே பிடித்தபோது அதைக் கன்றுக்குட்டி என்று கூவினேன். பூட்டுவதானால் முதலில் என் வாயைப் பூட்டுங்கள். அதற்குமுன் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளட்டுமா?"

"கேள்."

"எங்கள் கையைப் பிடித்தபோது தாங்களாக விட்டீர்களா, நாங்களாக உருவிக்கொண்டோமா?"

ராஜா யோசித்தார். "நான் விடவில்லை. பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருவராவது 'இதுவா?' என்று கேட்பீர்கள், தலையாட்டலாம் என்று காத்திருந்தேன். குருவின் கையை இறுக்கிக்கூடப் பிடித்தேன். உருவிக்கொண்டு போய்விட்டார்."

மயிலேறி நிமிர்ந்தான். இதை அவன் திட்டமிடவில்லை. திட்டமிட்டதெல்லாம் குப்புற விழுந்திருந்தது. விழுந்த இடத்தில் கிடந்ததை எடுத்துக்கொண்டான்.

"அதுதான் மகாராஜா விடை. தங்கள் கையிலேயேதான் இருக்கிறது. எங்கள் சந்தையில் பிடித்த பிடியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் கூவினால் வியாபாரம் செல்லாது. இறைவன் தம் வாக்கின் பொருளைக் காக்கிறாரா என்றீர்கள். அவர் கையை எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்லமாட்டேன். துண்டுக்குள் அந்தக் கை இன்னும் இருக்கிறது. லாபம் தெரிந்த மறுகணம் உருவிக்கொண்டு ஓடிவந்து கூவுகிற கை எங்களுடையது."

"நன்றாக இருக்கிறது!" என்றார் குரு. "இறைவனைத் திருப்பிப் பிடிப்பது எப்படியோ? அதையும் விகடனார் விளக்கலாமே."

"தெரியாது சுவாமி. தெரிந்தால் நானும் வெல்லம் வாங்குவேனே!" என்றான் மயிலேறி. சபை சிரித்தது. "எனக்குத் தெரிந்தது சந்தை நியாயம் மட்டும். காதில் விழுந்த விலை நமக்கு ரொம்பச் சாதகமாக இருந்தால், கையை இன்னொரு தடவை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். என் அர்த்தத்துக்கும் இதே நியாயம்தான். தென்கரையில் சேறு, ஆகவே எல்லோரும் வடகரையில் நின்று மொள்ளுங்கள் என்றுதான் இறைவன் சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் தென்தெருக்காரன், மகாராஜா. எனக்கு வேறு மாதிரித் தோன்றினால்தான் அதிசயம். அதையும் நம்பிவிடாதீர்கள்."

"அப்படியானால் நான் எதை நம்பித் தீர்ப்புச் சொல்வது?"

"தாகத்தைப் பற்றிய வாக்கு. தாகத்தை வைத்தே திருப்பிப் பிடித்துப் பார்க்கலாம். இன்னொருவன் தண்ணீரில்லாமல் நிற்க வேண்டும் என்று எவருக்கு அர்த்தம் தெரிகிறதோ, அவர் முதலில் தென்கரையில் தண்ணீரில்லாமல் உட்காரட்டும். உட்கார்ந்த பிறகும் அதே அர்த்தம் நிற்கிறதா என்று பார்ப்போம். நான் உட்காரத் தேவையில்லை. நான் ஏற்கெனவே ஊற்றுக்கு நடந்துகொண்டிருக்கிறேன்."

ராஜா மீசையைத் தடவினார்.

"பூட்டு வேண்டாம். குருவே, குடையைக்கூட எடுத்துக்கொள்ள வேண்டாம்."

அன்று சூரியன் உச்சிக்கு வருமுன்பே தென்கரைச் சேற்று மேட்டில் ராஜகுருவுக்கு அந்த வரியின் வேறொரு பொருள் புலப்பட்டது. வடகரை என்பது படித்துறையே அன்றி வீடுகள் அல்ல. தாகமெடுத்தவர் எவரும் அங்கே நிற்கலாம். உலர்ந்த நாவோடு அதை அவரே எழுந்து அறிவித்தார். அவர் பொருள் சொல்லி வெல்லம் வாங்காதது அதுவே முதல் தடவை. அந்தப் பொருள்தான் இறைவன் நினைத்ததா என்று மயிலேறியிடம் கேட்டார்கள். "எனக்கெப்படித் தெரியும்? ஆனால் இந்தத் தடவை கையை உருவ குருவுக்கு அவசரமில்லை. அதுவரை நல்லது" என்றான்.

சாயங்காலம் ராஜா அவனைக் கூப்பிட்டார். துண்டைத் தம் கைமேல் தாமே போட்டுக்கொண்டு, "வா, உன் பரிசு இதற்குள் இருக்கிறது" என்றார்.

மயிலேறி கையை விட்டான். ராஜா அவன் இரண்டு விரலைப் பிடித்தார். அவன் அதே இரண்டு விரலைத் திருப்பிப் பிடித்தான். ஆனால் ஒன்றும் கூவவில்லை.

"என்ன சொன்னேன்?" என்றார் ராஜா.

"தெரியவில்லை மகாராஜா. வாயைத் திறந்தே சொல்லிவிடுங்கள். ஏழைக்கு உரைநூல் கட்டுப்படியாகாது."

ராஜா மறுபடியும் வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டு என்பது இரண்டு பெரிய செப்புக் குடங்கள். ஊருணியில் மொள்ளுவதற்கு.

குடங்களைப் பேச்சாயி தட்டிப் பார்த்தாள், கவிழ்த்துப் பார்த்தாள், ஓட்டையில்லை என்று தெரிந்ததும், "எங்க நானூறு பொன்?" என்றாள். அந்தச் செய்தி தெருவுக்கு அவனுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

மறுநாள் காலை தெருமுக்கில் நின்று மயிலேறி அவளுக்குக் கையைக் காட்டினான். நான்கு அடி நடந்தான். நின்றான். திரும்பி வீடுவரை வந்து, "இப்ப நான் என்ன சொன்னேன்னு சொல்லு பாப்போம்" என்றான்.

"முந்தாநேத்துச் சோத்துல இன்னும் ஒரு ஆளு சோறு மிச்சமிருக்கு, வந்து திங்கிறேன்னு சொன்னீங்க."

அவன் சொன்னது அது இல்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டுப் போனான்.

கணக்கை முடித்துவிடலாம். ராஜாவுக்கும் விகடனுக்கும் நேர்: சிரிப்பு இரண்டு, குடம் இரண்டு. வடக்குத் தெருவார் கொடுத்த ஐந்து மூட்டை எறும்புகளின் பற்றில் எழுதப்பட்டு, வசூலாகாது என்று தள்ளுபடியாயிற்று. பேச்சாயிக்கு ஐந்து பேர் சோற்றில் நான்கு அடைந்தது, ஒன்று நிற்கிறது. மேலே இருப்பவர் கணக்கில் அவர் கொடுத்தது ஊருணி ஒன்று, வாக்கு ஒன்று, நீட்டியபடி இருக்கும் கை ஒன்று. நம் பக்கத்தில் கூவியது ஏராளம். திருப்பிப் பிடித்தது மட்டும் இன்றுவரை பாக்கி.